ஜெயித்தவன் படம் வந்தது. தோற்றவர் கணக்கு எங்கே?



2025 ஜூலை மாதத்தில் ஒரு படம் உலகமெங்கும் போயிற்று. அமெரிக்காவிலே லாஸ் வேகாஸ் என்று ஒரு நகரம். சூதாட்ட விடுதிகளுக்கென்றே பெயர் பெற்றது. அங்கே ஒரு மேஜை. மேஜையின்மேல் செங்கல் அடுக்கினாற்போல் நோட்டுக் கட்டுகள். பின்னால் சிரித்த முகத்தோடு ஒரு மனிதர். பெயர் மைக்கேல் மிஸ்ராச்சி. 'உலகப் போக்கர் தொடர்' என்று ஆண்டுதோறும் நடக்கும் சீட்டாட்டப் போட்டியின் பிரதானப் பந்தயத்தில் ஜெயித்தவர். பரிசு ஒரு கோடி டாலர். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்குச் சுமார் 85 கோடி ரூபாய்.

"நாற்றுப் பறிக்கும் எங்களுக்கும், ஆலையில் மூட்டை தூக்கும் எங்களுக்கும் இந்தச் சமாசாரத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். இருக்கிறது தோழர்களே. அந்தச் சீட்டுக்கட்டு லாஸ் வேகாஸிலிருந்து புறப்பட்டு நம் சட்டைப்பைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. ஆகவே அந்தப் போட்டியின் முடிவை நாமும் ஒருமுறை கணக்குப் பார்ப்போம். ஜெயித்தவன் யார் என்பதல்ல நம் கேள்வி. பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்பதே கேள்வி.

களத்துக் கணக்கு

போட்டியில் சேர்ந்தவர்கள் 9,735 பேர். தலைக்கு நுழைவுப் பணம் 10,000 டாலர். அதாவது எட்டரை லட்சம் ரூபாய். ஆக வசூலான தொகை 9 கோடியே 73 லட்சத்து 50 ஆயிரம் டாலர். இதில் பரிசாகப் பிரித்துக் கொடுத்தது 9 கோடியே 5 லட்சத்து 35 ஆயிரத்து 500 டாலர். மீதி 68 லட்சத்துச் சொச்சம் டாலர் என்ன ஆயிற்று? நூற்றுக்கு ஏழு வீதம், ஒரு சீட்டுக்கூடப் போடுவதற்கு முன்னால், போட்டி நடத்தியவர்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். சீட்டுப் போடும் பணியாளர்களின் பங்கும் அதில் அடக்கம். நம் பணத்தில் சுமார் 58 கோடி ரூபாய்.

பரிசு கிடைத்தது எத்தனை பேருக்கு? 1,461 பேருக்கு. மீதி 8,274 பேர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். நூற்றுக்கு எண்பத்தைந்து பேர்! அவர்களில் ஒருவர் படமாவது நாம் பார்த்தோமா?

பழைய நாளில் மிராசுதார் களத்தை நம் பாட்டன்மார் அறிவார்கள். உழுதவன், நட்டவன், அறுத்தவன் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். பண்ணைக்கு அளந்த பிறகுதான் ஆளுக்கு அளப்பார்கள். மழை பெய்தாலும் பொய்த்தாலும் முதல் மரக்கால் யாருடையது என்பதில் சந்தேகமே கிடையாது. இந்தச் சீட்டு மேஜையும் அப்படி ஒரு களம்தான். 9,735 பேரில் யார் ஜெயிப்பார் என்று எந்த ஜோசியனாலும் சொல்ல முடியாது. நடத்துகிறவன் தோற்கமாட்டான் என்பதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

ஆட்டம் எப்படி?

ஆட்டத்தின் விதி எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டு. அதை மற்றவர் பார்க்கக்கூடாது. நடுவிலே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. தன் கையிலுள்ள இரண்டையும் நடுவிலுள்ள ஐந்தையும் வைத்து, பலமான ஐந்து சீட்டுகளைச் சேர்க்கவேண்டும். நடுச்சீட்டைத் திறக்கத் திறக்கப் பந்தயம் ஏறும். 'நோ லிமிட்' என்றால் வரம்பு கிடையாது என்று பொருள். தன்முன் இருக்கும் அத்தனையையும் ஒரே தள்ளாக நடுவில் தள்ளலாம். அதற்கு 'ஆல் இன்' என்று பெயர். உள்ளதெல்லாம் உள்ளே!

இந்த ஆட்டத்தில் மிகச் சிறந்த கை இரண்டு ஏஸ். 221 தடவைக்கு ஒரு தடவைதான் அது வரும். எதிரி இரண்டு ராஜாக்களை வைத்துக்கொண்டு மோதினால், ஐந்தில் நான்கு தடவை ஏஸ் ஜெயிக்கும். அந்த ஐந்தாவது தடவை? ஒரு தப்பும் செய்யாமல், உலகத்திலேயே சிறந்த கையை வைத்திருந்தவன், நடுவில் தள்ளிய அத்தனையும் இழந்து எழுந்து போவான்.

எல்லாமே அதிர்ஷ்டம்தானா என்றால், அப்படியும் நாம் சொல்லமாட்டோம். உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். இந்த மிஸ்ராச்சி அதே 2025 கோடையில், 50,000 டாலர் நுழைவுப் பணம் கொண்ட இன்னொரு பெரிய போட்டியிலும் ஜெயித்தார். அந்தப் போட்டியில் அது அவருக்கு நான்காவது வெற்றி. கணக்கும் நிதானமும் ஆளை எடைபோடும் கண்ணும் இல்லாமல் இது நடக்காது. திறமை உண்டு. அந்தத் திறமையால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதைத்தான் பின்னால் பார்க்கப் போகிறோம்.

தூண்டிலில் மாட்டிய புழு

அதற்கு முன்னால் ஒரு பழைய வெற்றியைச் சொல்லவேண்டும். 2003-ல் இதே பந்தயத்தில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் ஒருவர் ஜெயித்தார். 'மணிமேக்கர்' என்றால் பணம் பண்ணுகிறவர் என்று பொருள். பிறவிப் பெயரே அதுதான்! அவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர். இண்டர்நெட்டில் 86 டாலர் கட்டி ஒரு சிறு போட்டியில் ஆடி, அதன் வழியாகப் பெரிய பந்தயத்துக்கு இடம் பிடித்து, 25 லட்சம் டாலர் பரிசை அடித்துக்கொண்டு போனார்.

அந்த ஆண்டு பந்தயத்தில் சேர்ந்தவர்கள் 839 பேர். அடுத்த ஆண்டு 2,576. அதற்கடுத்த ஆண்டு 5,619. 2006-ல் 8,773 பேர். மூன்றே ஆண்டில் பத்து மடங்கு! இண்டர்நெட் சூதாட்டக் கம்பெனிகளுக்கோ அறுவடைக் காலம். "நேற்றுவரை ஆபீசில் கணக்கு எழுதியவன் இன்று கோடீஸ்வரன், நாளை நீயாகவும் இருக்கலாம்" என்ற ஒரே வாக்கியம் போதுமானதாக இருந்தது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த ஒரு மனிதருக்குக் கிடைத்த பரிசு, கம்பெனிகளுக்கு நஷ்டமல்ல; விளம்பரச் செலவுகூட அல்ல. ஏனென்றால் அந்தப் பணமும் தோற்றவர்கள் போட்ட பணமே. தோற்றவன் காசில் ஜெயித்தவனுக்குப் பரிசு. ஜெயித்தவன் படத்தைக் காட்டி மறுபடி தோற்கப் புது ஆள். வாய்க்கால் கரையில் தூண்டில் போடும் பையனுக்குத் தெரியும், புழு மீனுக்காகப் போடுவதல்ல என்று.

நம் ஊருக்கு வந்த கதை

நம் நாட்டுக்கு இது போக்கராக மட்டும் வரவில்லை. நமக்குப் பழக்கப்பட்ட ரம்மி வேஷத்தில் அதிகமாக வந்தது. சினிமா நட்சத்திரங்கள் சிரித்துக்கொண்டே "வாருங்கள், ஆடுங்கள்" என்று அழைத்தார்கள். "முதல் முறை சேர்ந்தால் போனஸ் இலவசம்" என்றார்கள். கள்ளுக்கடைக்காவது நாம் நடந்து போகவேண்டும். இந்தக் கடை நம்மோடு படுக்கைக்கே வந்தது.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் அரிசி ஆலை ஒன்றில் மூட்டை தூக்கும் தோழர் ஒருவர். குடிப்பழக்கம் இல்லாதவர். சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் வருவார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் அவருடைய மனைவி தனியாக நம் ஆபீசுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"தோழர், அவரு ராத்திரியில தூங்குறதில்ல. போர்வைக்குள்ள செல்லு வெளிச்சமாவே இருக்கு. குழுவுல என் பேருல எடுத்த நாப்பதாயிரமும் போயிட்டு. சங்கிலியும் அடகுக் கடையில இருக்கு."

நாம் உடனே கோபப்பட்டோம். "வரட்டும், நாலு வார்த்தை கேட்கிறோம்" என்றோம். அதற்கு அந்த அம்மாள் சொன்னதை நாம் மறக்கவில்லை.

"திட்டாதீங்க தோழர். போன காசு போவட்டும். அவரு யாருகிட்டயும் பேசமாட்டேங்குறாரு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

மறுநாள் தோழரை அழைத்து உட்காரவைத்தோம். வெகுநேரம் தலை நிமிரவில்லை. பிறகு சொன்னார்: "அண்ணே, நான் ஒண்ணும் முட்டாள் இல்ல. மொத வாரம் ஆயிரத்து எட்டு நூறு வந்திச்சு. மூணு நாள் கூலி, ஒரு மணி நேரத்துல. அதுக்கப்புறம் போனதைப் பிடிக்கணும்னே ஆடினேன். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு சீட்டுதாண்ணே தப்பிச்சு."

எட்டு மாதத்தில் அவர் இழந்தது ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். தூக்கிய மூட்டைகளை எண்ணினால் எத்தனை ஆயிரம் மூட்டை! "ஒரே ஒரு சீட்டு" என்ற அந்த எண்ணம்தான் மனிதனை விடாமல் பிடித்துக்கொள்வது. தோற்றவன் தன்னைத் தோற்றவனாக நினைப்பதில்லை. கிட்டத்தட்ட ஜெயித்தவனாக நினைக்கிறான்.

அந்தத் தோழர் இன்று உயிரோடு, வேலையோடு, கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு இருக்கிறார். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் அப்படி முடியவில்லை. போலீஸ்காரர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவர், தச்சுத் தொழிலாளி என்று வித்தியாசமில்லாமல், இந்தச் சூதில் இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் செய்தியைப் பல ஆண்டுகள் பத்திரிகையில் படித்துக்கொண்டே இருந்தோம்.

"திறமை" என்ற முகமூடி

இத்தனைக்குப் பிறகும் இதை ஏன் உடனே நிறுத்த முடியவில்லை? "இது சூது அல்ல, திறமை விளையாட்டு" என்ற வாதத்தால்தான். இந்த வாதத்தின் வரலாறு வேடிக்கையானது.

1957-ல் பரிசுப் போட்டி வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு, பெரும்பாலும் திறமையை நம்பி நிற்கும் போட்டி சூதாட்டமாகாது, அது ஒரு தொழில் என்று வகுத்தது. 1967-ல் சிகந்தராபாத் கிளப் ஒன்றின் வழக்கு வந்தது. மூன்று சீட்டு வெறும் அதிர்ஷ்டம். ரம்மி அப்படியல்ல, விழுந்த சீட்டை ஞாபகத்தில் வைத்து ஆடவேண்டியிருப்பதால் அதில் திறமை மேலோங்கியது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. தமிழ்நாட்டில் 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். 1996-ல் அதே சுப்ரீம் கோர்ட்டு, குதிரைப் பந்தயமும் திறமைதான் என்று தீர்ப்பளித்தது.

கம்பெனி வக்கீல்கள் இந்தத் தீர்ப்புகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் 1967 தீர்ப்பிலேயே இன்னொரு பாதி இருக்கிறது. அந்த வீட்டுக்காரனோ கிளப்புக்காரனோ ஆட்டத்திலிருந்து லாபம் எடுத்தான் என்பதற்குச் சாட்சியம் இருந்தால், அப்பொழுது குற்றம் நிற்கும் என்ற கருத்தும் அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. ஆட்டத்திலிருந்து லாபம் எடுப்பதைத் தவிர இந்தக் கம்பெனிகளுக்கு வேறு என்ன வேலை இருந்தது? முதல் பாதியை உரக்கப் படித்தார்கள். இரண்டாம் பாதியை விழுங்கிவிட்டார்கள்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றாகவும் இருக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்து 1930-ஆம் வருஷச் சூதாட்டச் சட்டம் ஒன்று உண்டு. புளியமரத்தடியில் பத்து ரூபாய் வைத்து 'உள்ளே வெளியே' ஆடும் கூலிக்காரனைப் பிடிக்க அந்தச் சட்டத்துக்குக் கண் நன்றாகத் தெரியும். சீட்டுக்கட்டையும் சில்லறையையும் கைப்பற்றி, ஆளைக் கோர்ட்டில் நிறுத்துவார்கள். 'மனமகிழ் மன்றம்' என்று போர்டு மாட்டி, மின்விசிறியின் கீழே ஆயிரக்கணக்கில் ஆடினால் அது பொழுதுபோக்கு. அதையே கம்பெனி வைத்து லட்சக்கணக்கான ஜனங்களிடம் நடத்தினால் அது தொழில் சுதந்திரம்! இதுதான் லட்சணம்.

சரி, திறமை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் விஷயம் இன்னும் மோசமாகிறது. வாய்க்கால் ஓரத்துக் கொக்குக்குத் திறமை உண்டு. ஒற்றைக் காலில் மணிக்கணக்காய் நிற்கிறது. அந்தத் திறமைக்கு விலை கொடுப்பது மீன். வேறு வேலையில்லாமல் இரவும் பகலும் இதையே பயின்ற ஆட்டக்காரன் ஒரு பக்கம். ஷிப்டு முடிந்து கண் சொருகும் நேரத்தில் செல்லைத் திறக்கும் ஆலைத் தொழிலாளி மறுபக்கம். அதிர்ஷ்டம் மட்டுமே என்றால் நம்மாள் பாதித் தடவையாவது ஜெயிப்பான். திறமை என்று நீங்கள் சொல்லச் சொல்ல, அவன் தோற்பது முன்பே தீர்மானமாகிவிட்டது என்றல்லவா ஒப்புக்கொள்கிறீர்கள்?

நால்வர் கணக்கு

அந்தத் திறமைசாலியும் கடைசியில் கம்பெனிக்கு உழைப்பவனே. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேர், ஆளுக்கு ஆயிரம் ரூபாயோடு உட்காருகிறார்கள். மொத்தம் 4,000. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தலைக்கு 100 போடுகிறார்கள். நடுவில் 400. ஒரு பேச்சுக்குக் கம்பெனி நூற்றுக்குப் பத்து எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தவனுக்கு 360, கம்பெனிக்கு 40. பத்து ஆட்டம் முடிந்தால் கம்பெனிக்கு 400. ஐம்பது ஆட்டம் முடிந்தால் 2,000. நால்வர் கொண்டுவந்ததில் பாதி ஆவியாகிவிட்டது! செல்போனில் ஐம்பது ஆட்டம் முடிய ஓரிரு ராத்திரி போதும். மீதியிருக்கும் பாதிக்காக நால்வரும் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளவேண்டும். நடுவே உட்கார்ந்தவன் ஒரு சீட்டும் ஆடவில்லை. ஒரு பைசாவும் பணயம் வைக்கவில்லை.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் காவிரிக்கரைப் பெரியவர்கள் சொல்லும் பேச்சு. இங்கே போட்டது ஆற்றில்கூட இல்லை, அளக்கவும் விடவில்லை.

இந்தக் களத்தில் சர்க்காரும் ஒரு மரக்காலோடு நின்றது என்பதையும் சொல்லவேண்டும். 2023 அக்டோபர் 1 முதல், ஆட்டத்துக்குக் கட்டும் முழுப் பணத்தின்மேல் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி விதித்தார்கள். தமிழ்நாட்டில் சர்க்கார் லாட்டரியைப் பார்த்தவர்கள் நாம். 1968-ல் தொடங்கினார்கள், 2003-ல் தடை செய்தார்கள். நடுவில் முப்பத்தைந்து ஆண்டுகள், கூலி வாங்கிய கையோடு சீட்டு வாங்கிய ஜனங்கள் எத்தனை பேர்! வரி வருகிறது என்பதற்காக விஷத்தை விற்கவிடுவது கஜானாவுக்கு லாபமாக இருக்கலாம், குடும்பங்களுக்கு அல்ல.

சட்டம் வந்த கதை

2020 நவம்பரில் தமிழ்நாடு சர்க்கார் அவசரச் சட்டம் போட்டு ஆன்லைன் சூதைத் தடுத்தது. பிறகு அது சட்டமாயிற்று. 2021 ஆகஸ்டு 3-ல் சென்னை ஹைக்கோர்ட்டு அதை ரத்து செய்தது. 2022 ஜூனில் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைந்த குழு, தடை வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அக்டோபர் 19-ல் சட்டசபை மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் மாளிகையில் அது மாதக்கணக்கில் கிடந்தது. இடையில் அவசரச் சட்டமும் காலாவதியாயிற்று. 2023 மார்ச்சில் கவர்னர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். மார்ச் 23-ல் சட்டசபை மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில்தான் ஒப்புதல் வந்தது. கோப்பு மேஜையில் தூங்கிய அந்த இரவுகளில் போர்வைக்குள் விழித்திருந்தவர்கள் நம் பிள்ளைகள்.

கம்பெனிகள் மறுபடி கோர்ட்டுக்குப் போயின. 2023 நவம்பர் 9-ல் ஹைக்கோர்ட்டு, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றைத் தடை செய்தது செல்லாது என்றது. நேரிலே ஆடினால் எதிரியின் முகம் தெரியும். இங்கே சீட்டைக் கலைப்பது இயந்திரம், எதிரி மனிதனா என்பதே தெரியாது என்று சர்க்கார் தரப்பு சொன்ன வாதம் எடுபடவில்லை. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது, ஆதார் சரிபார்க்கவேண்டும் என்று தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. அவை செல்லும் என்று அதே ஆண்டு ஜூனில் ஹைக்கோர்ட்டு தீர்ப்பளித்தது.

பிறகு 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு ஒரு சட்டம் கொண்டுவந்தது. திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டும் கலந்ததோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் நடத்தக்கூடாது. நடத்துகிறவனுக்கு மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். விளம்பரம் செய்கிறவனுக்கு இரண்டு ஆண்டுவரை சிறை, 50 லட்சம்வரை அபராதம். ஆடி ஏமாந்தவனுக்குத் தண்டனை இல்லை. ஆகஸ்டு 22-ல் ஜனாதிபதி கையெழுத்திட்டார். சில நாட்களுக்குள் பெரிய கம்பெனிகள் பணம் வைத்து ஆடும் கடையை மூடின. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த கம்பெனிகூட விலகிக்கொண்டது. எதிர்த்துப் பல ஹைக்கோர்ட்டுகளில் போட்ட வழக்குகளை அதே ஆண்டு செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தன்னிடம் மாற்றிக்கொண்டது.

அப்பொழுது மத்திய சர்க்கார் தரப்பில் ஒரு மதிப்பீடு சொன்னார்கள்: ஆண்டுக்கு 45 கோடிப் பேர் சுமார் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்று. வகுத்துப் பார்த்தால் தலைக்கு 450 ரூபாய்கூட இல்லையே, இதற்கா இத்தனை கூச்சல் என்று தோன்றும். சராசரிக் கணக்கு அப்படித்தான் கண்ணைக் கட்டும். பத்துப் பேர் பத்துப் பத்து ரூபாய் இழந்து விலகிப்போகிறார்கள். பதினோராவது ஆள் வீட்டில் தாலிக்கொடி போகிறது.

இது நல்ல சட்டம்தான்; வரவேற்கிறோம். ஆனால் ஐந்து ஆண்டு தாமதம் யாருடைய உயிரில் போயிற்று என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. கோவாவில் மாண்டவி ஆற்றின்மேல் மிதக்கும் சூதாட்டக் கப்பல்களை இந்தச் சட்டம் தொடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

உழவன் ஆடும் ஆட்டம்

சிலர் உபதேசம் செய்கிறார்கள்: "பேராசை பெரு நஷ்டம். வள்ளுவரே சூதுக்கு ஒரு தனி அதிகாரம் எழுதினார். தருமன் நாட்டை இழந்ததைத் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் வருஷா வருஷம் பார்த்துமா புத்தி வரவில்லை?" என்று.

இந்த உபதேசிகளுக்கு நாம் சொல்வது இது. தருமன் ராஜ்யம் வைத்திருந்தவன். நம்மாள் எதை வைத்திருக்கிறான்? அவன் ஆட விரும்பாத ஆட்டம் ஒன்றைப் பிறந்தது முதல் ஆடிக்கொண்டிருக்கிறான். 2023-ல் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தது. நம்பிக் குறுவை போட்டார்கள். தண்ணீர் போதாமல் பயிர் காய்ந்தது. 2024-ல் ஜூன் 12-ல் அணை திறக்கவே இல்லை. 2025-ல் தேதி தவறாமல் திறந்தது, குறுவை விளைந்தது. அக்டோபர் மழையில் கொள்முதல் நிலைய வாசலில் நெல் நனைந்து முளைவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று மூட்டையை நிறுத்தி வைத்தார்கள். குத்தகைக்காரன் ஒவ்வொரு சாகுபடியிலும் 'ஆல் இன்' தான் போடுகிறான். வரம்பில்லா ஆட்டம் அது. விவசாயத் தொழிலாளிக்கோ கதிர் அறுக்கும் இயந்திரம் வந்த பிறகு அறுப்பு நாளும் சுருங்கிவிட்டது.

இப்படிப்பட்டவன் காதில், "ஒரு மணி நேரத்தில் மூன்று நாள் கூலி" என்று ஒருவன் ஓதினால், அவன் சாய்வது பேராசையாலா? நேர்வழியில் கடனை அடைக்க வழி தெரியாதவன், குறுக்குவழி என்று காட்டிய பக்கம் திரும்பினான். அவன் செய்தது தவறுதான். அந்தத் தவறை எதிர்பார்த்துக் கடை விரித்தவன் குற்றவாளி. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது.

நம்மிடையிலும் சில தோழர்கள், "ஏமாந்தவன் ஏமாறட்டும்" என்று அலட்சியமாகப் பேசுகிறார்கள். இது சரியல்ல. நாமே அந்த அரிசி ஆலைத் தோழரைத் திட்டத்தான் முதலில் கிளம்பினோம். அந்த அம்மாள் தடுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! வெட்கம்தான் கடனைவிட வேகமாக ஆளைக் கொல்கிறது.

செய்யவேண்டியது

கடை மூடியாயிற்று என்று நாம் சும்மா இருந்துவிடக்கூடாது. முன்வாசலை மூடினால் கொல்லைப்புறம் திறப்பார்கள். வெளிநாட்டிலிருந்து இயங்கும் ஆட்டங்கள், செல்போனுக்கு வரும் ரகசிய இணைப்புகள், "ஆயிரம் போடு, ஐயாயிரம் எடு" என்ற அழைப்புகள் எல்லாவற்றையும் சந்தேகியுங்கள். இவற்றில் பணம் மோசம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். அன்று புளியமரத்தடித் தொழிலாளியைப் பிடித்த சட்டத்தின் வருஷமும் 1930. இன்று அவன் புகார் கொடுக்கவேண்டிய எண்ணும் 1930. ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம்.

ஒவ்வொரு கிளையிலும், ஆலை வாசலிலும், இந்த நால்வர் கணக்கை மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டுங்கள். உபதேசம் வேண்டாம், கணக்குப் போதும். யாராவது சிக்கியிருப்பது தெரிந்தால் ஊர் நடுவே வைத்துக் கேவலப்படுத்தாதீர்கள். தனியே அழைத்துப் பேசுங்கள். எவ்வளவு கடன், யாரிடம், எத்தனை வட்டி என்று ஒரு காகிதத்தில் எழுதவையுங்கள். எழுதிய கடன் எண்ணிப் பார்க்கக்கூடியது. மனசுக்குள் வைத்த கடன் பூதமாக வளரும். வீட்டுக்காரியையும் கூடவைத்துப் பேசுங்கள். மனம் உடைந்து நிற்பவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும்.

அதற்கு மேலே, கூலிக்காகவும், வேலை நாளுக்காகவும், நெல்லை நனையவிடாமல் உடனுக்குடன் கொள்முதல் செய்வதற்காகவும் நாம் நடத்தும் போராட்டமே சூதை வேரோடு பிடுங்கும் வேலை. மாதம் முழுவதும் நிச்சயமான கூலி வரும் வீட்டில், நள்ளிரவில் ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கவேண்டிய அவசியம் குறையும்.

லாஸ் வேகாஸில் அடுத்த ஆண்டும் யாரோ ஒருவர் நோட்டுக் கட்டுகளின் பின்னால் நின்று சிரிப்பார். அந்தப் படம் நம் பிள்ளைகளின் செல்போனுக்கும் வரும். அப்பொழுது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று:

"தம்பி, இந்தக் காசைப் போட்டவர்கள் எங்கே?"